கணக்கில் வராத ஓர்ப்படி

அத்தியாயம் 9

சரளா இரவெல்லாம் தூங்காமல் புரண்டாள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவள் நன்றாகவே தூங்கினாள். தப்புச் செய்துவிட்டோம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தூக்கம் கெடும். சரளாவோ தான் செய்தது பெரிய நியாயம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

என்ன செய்தாள் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கம்ப்யூட்டர் திரையில், பயிற்சிக்கு அனுப்பும் பட்டியலின் முதல் வரியில் வந்து நின்ற ஒரு பெயரை விசையைத் தட்டி எடுத்துவிட்டாள். அந்தப் பெயர் பூவம்மாள். சரளாவின் ஓர்ப்படி. கணவன் சிட்டிபாபுவின் அண்ணன் ஏகநாதனுக்கு வாய்த்தவள். கோவிலம்பாக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே குழாய்.

'சொந்தக்காரிக்குச் செய்துவிட்டாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.' இதுதான் சரளா தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ஒரு ஓட்டை மட்டும் உண்டு. அவர்கள் இருவரும் சொந்தம் என்பது கம்பெனியில் ஒரு ஆளுக்கும் தெரியாது.

தெரியாமல் பார்த்துக்கொண்டவளே சரளாதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், "எங்க கம்பெனில கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு வோணுமாம், நீ போய்க் கேளேன்" என்று சேதி கொண்டுவந்தது பூவம்மாள். பி.எஸ்ஸி. புள்ளியியல் படித்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சரளா போனாள், கேட்டாள், வேலை கிடைத்தது. சேரும் நாள் காலையில் ஓர்ப்படியைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, நாம ஒரே வீடுன்னு அங்க சொல்ல வேணாம். சிபாரிசுல வந்தவன்னு நினைச்சுடுவாங்க" என்றாள். பூவம்மாள் ஒரு கணம் பார்த்தாள். அப்புறம், "சரி, சொல்லல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அன்றிலிருந்து வீட்டில் சரளா, கம்பெனியில் மேடம்.

அந்தத் திங்கட்கிழமை காலை பூவம்மாள் சமையலறையில் வழக்கத்தை விடச் சீக்கிரமே வேலையை முடித்திருந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். கம்பெனியில் அதற்கு மேல் நீலக் கோட்டு மாட்டிக்கொள்ள வேண்டும், புடவை வெளியில் தெரியாது. அப்படியும் கட்டியிருந்தாள்.

"சரளா, காலண்டர்ல நல்ல நேரம் எப்பன்னு பாரு. எழுத்து பொடியா கீது."

சுவரில் 1994 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த தினக் காலண்டர் தொங்கியது. நல்ல நேரமும் ஒன்றும் பொடி எழுத்தாக இல்லை. சரளா படித்துச் சொன்னாள். அக்காவுக்குக் கண் இவ்வளவு மங்கிவிட்டதா என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

"இன்னிக்கு டிரெயினிங் லிஸ்டு சொல்றாங்களாமே. உனுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றாள் பூவம்மாள், டிபன் டப்பாவை மூடிக்கொண்டே.

"அதெல்லாம் மேனேஜர் பாக்கறது அக்கா."

"எனுக்கு எங்க வரப்போவுது. நான் மெதுவா கம்பி சுத்துறவ." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். "குன்றத்தூர் முருகனுக்கு ஒரு அர்ச்சன வேண்டிக்கினேன். சும்மாத்தான்."

சும்மா யாரும் வேண்டிக்கொள்வதில்லை. சரளாவுக்கு அது தெரியாதா? தெரியும். "ஸ்கூட்டர் எடுத்துட்டார், வர்றேன் அக்கா" என்று கிளம்பிவிட்டாள். பூவம்மாள் மேடவாக்கம் ரோட்டில் நின்று கம்பெனி பஸ் ஏற வேண்டும். சரளாவைச் சிட்டிபாபு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவான். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் இறங்கினால் குட்டு உடைந்துவிடும் அல்லவா.

கம்பெனி இருந்தது தாம்பரம் சானடோரியத்தில், ஏற்றுமதி வளாகத்துக்குள். டேப் ரெக்கார்டருக்குப் போகும் சின்னச் சின்னக் காயில்களைச் சுற்றுவது தொழில். தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி. அதைச் சுற்றுவது பூராவும் பெண்கள். நாற்பது வயதில் அங்கே கம்பி சுற்றியவர்களை யாரும் பார்த்ததில்லை. அதற்குள் கண் போய்விடும், கண்ணாடி போட்டவர்களை லைனில் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். வேலை போகாமல் தப்பிக்க ஒரே வழி, சூப்பர்வைசர் ஆவது. அதற்குப் பெங்களூரில் மூன்று வாரப் பயிற்சி. ஆறு பேருக்குத்தான் இடம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை. பூவம்மாள் அந்த எல்லையில்தான் நின்றுகொண்டிருந்தாள். இந்த வருஷம் விட்டால் அவளுக்கு அடுத்த வருஷம் கிடையாது.

பழைய வழக்கம் வேறு. யாருக்குக் கை வேகமோ அவளைச் சூப்பர்வைசராகப் போடுவார்கள். போன முறை அப்படிப் போட்டவர்கள், தங்கள் வேகம் மற்றவர்களுக்கு வராதபோது வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் சம்பளம் வாங்கிய கையோடு பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

பெர்சனல் மேனேஜர் வேதசிரோமணி பொறுமையான மனிதர். சரளாவைக் கூப்பிட்டு, "நல்லா வேலை செய்யறவங்க யாருன்னு நமக்குத் தெரியும்மா. மத்தவங்களை நல்லா வேலை செய்ய வைக்கறவங்க யாருன்னுதான் தெரியல. உங்க கம்ப்யூட்டர்ல அது வருமா?" என்று கேட்டார்.

வந்தது. அந்தக் கம்பெனியில் புதுப் பெண் சேர்ந்தால் முதல் மாதம் ஒரு பழைய ஆளின் பக்கத்து சீட்டில் உட்காரவைப்பார்கள். வேலை பழகுவதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. சரளா நினைத்தாள். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், அந்தப் புதுப் பெண் நிலைத்தாளா ஓடினாளா, அவள் சுற்றியதில் தேறாது என்று கழித்தது எத்தனை என்று பழைய விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கூட்டிக் கழித்தாள். வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை. நல்ல வேலை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் பெயராகப் பூவம்மாள் வந்து நின்றபோது சரளா திகைத்துப்போனாள். அக்காவா? குழாயடியில் அவள் குரல் கேட்டால் எதிர்வீட்டு நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். மறுபடியும் கணக்குப் போட்டாள். மறுபடியும் அதே பெயர். வேகத்தில் பூவம்மாள் நடுத்தரம்தான். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பெண்களில் வேலையை விட்டுப் போனவர்கள் அநேகமாக யாருமில்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கல்யாணமாகி வந்த புதிதில் சரளா குழம்பைத் தீயவிட்டபோது, மாமியார் பார்ப்பதற்குள் பாத்திரத்தை மாற்றிவைத்துவிட்டு, "புளி ஜாஸ்தியா பூட்ச்சி, நான்தான் கொட்டிட்டேன்" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டது யார்? சரளாவுக்கு அது நினைவுக்கு வந்தது. வந்தும், பெயரை எடுத்தாள்.

பத்தரை மணி டீ நேரத்தில் கேன்டீனில் வேதசிரோமணி எழுந்து நின்றார். பெஞ்சுகளில் நீலக் கோட்டுகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. வழக்கமாக லிஸ்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இந்தத் தடவை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"யாருக்கு வேகம், யாரு சீனியர்னு இந்த முறை பாக்கல. புதுசா வந்த பொண்ணுங்களைப் பக்கத்துல வச்சுப் பழக்கி, அவங்களை நிலைக்க வச்சது யாருன்னு பாத்தோம். அதுதான் லீடர்ஷிப். அப்படி வந்த பேருங்க இது" என்று சொல்லி ஆறு பெயரைப் படித்தார். ஆறாவது பெயர் தையல்நாயகி. அவள் பக்கத்திலிருந்தவளைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். பூவம்மாளும் தட்டினாள்.

தட்டி ஓய்ந்ததும் ரத்தினபாய் எழுந்தாள். மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிற ரகம்.

"சார், ஒன்னு கேக்கலாமா? பக்கத்து சீட்ல குந்தவெச்சி வேல கத்துக்குடுத்தவங்கள எடுத்தோம்ன்னு சொல்றீங்க. அப்போ பூவம்மா பேரு எங்க சார்? இந்த பெஞ்சில கீற முக்காவாசி பேரு அது பக்கத்துல குந்தித்தான் கத்துக்கினோம். ஒருத்தியும் ஓடல."

"ஆமா சார்" என்று நாலைந்து குரல்கள் வந்தன.

வேதசிரோமணி கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அம்மா, இது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. இதுல மனுஷங்க கை எதுவும் கிடையாது."

கம்ப்யூட்டருக்குக் கை இல்லைதான். கை உள்ளவள் வாசல் பக்கம் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பூவம்மாள் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் கம்பெனிக்குள் அவள் சரளாவை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள், அதுவரை பார்க்காமலே இருந்திருந்தாள்.

டீ நேரம் முடிந்ததும் வேதசிரோமணி சரளாவைத் தன் அறைக்கு அழைத்தார்.

"அந்தம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஏதாவது ஒரு வரி விட்டுப்போயிருக்குமா?"

"பாக்கறேன் சார்."

"சாயங்காலம் பெங்களூருக்கு ஃபேக்ஸ் போகணும். அதுக்குள்ள பாத்துச் சொல்லுங்க. நான் உங்க கணக்கை நம்பித்தான் அத்தனை பேர் முன்னாடி பேசினேன்."

சரளா கம்ப்யூட்டர் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். ஏ.சி. போட்ட அறை. தூசு ஆகாது என்று செருப்பை வெளியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். திரையில் ஆறு பெயர்களும் சமர்த்தாக நின்றன. 'வரி விட்டுப்போச்சு சார், டைப் அடிக்கறப்ப தவறிடுச்சு' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்கும் வலிக்காத பொய். அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு கொஞ்சமாகத் திறந்தது. கதவுக் கண்ணாடி வழியாக, வெளியில் கழற்றிவிட்டிருந்த செருப்பு தெரிந்தது. வார் அறுந்து நூல் போட்டுத் தைத்த செருப்பு. தினமும் வீட்டு வாசலில் பார்க்கிறதுதான்.

"உள்ள வரலாமா மேடம்?"

"வாங்க அக்கா. யாரும் இல்ல."

"யாரும் இல்லன்றதால அக்காவா?"

சரளா எழுந்து நின்றாள். பூவம்மாள் உட்காரவில்லை.

"லஞ்சு பெல்லு அடிச்சிட்ச்சி, அரை மணி நேரம்தான் கீது. சுத்தி வளைக்காத சரளா. என் பேரு அந்தக் கணக்குல வந்துதா, வர்லியா? அத மட்டும் சொல்லு. வர்லன்னா இப்பிடியே திரும்பிப் போறேன். உன்மேல எனுக்கு ஒன்னும் இல்ல."

இங்கேதான் சரளா பொய் சொல்லியிருக்கலாம். 'வரல அக்கா' என்று ஒரு வார்த்தை. பூவம்மாள் நம்பிவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் எழவில்லை.

"வந்தது."

"எத்தினாவதா?"

"முதல்ல."

பூவம்மாள் நாற்காலியின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று சரளா எதிர்பார்த்தாள். முதலில் வந்தது கோபம் இல்லை.

"மொதல்லயா? அப்பிடி இன்னா பண்ணேன் நானு?"

சரளா சொன்னாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களைப் பற்றி, நிலைத்தவர்களைப் பற்றி, மற்ற சீட்டுகளில் பாதிப் பேர் ஓடியபோது அவள் சீட்டருகே ஓடாததைப் பற்றி. பூவம்மாள் வேறு யாரையோ பற்றிப் பேசுவதைக் கேட்பவள் மாதிரி கேட்டாள். நடுவில், "அந்த வேங்கைவாசல் பொண்ணு கூடவா நெலச்சுது? மொத நாளே அழுதுகினு கெடந்துச்சே" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் அவளுக்கு மார்க் போட்டிருக்கிறார். அதுவும் முதல் மார்க். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் சரளாவால் முடியவில்லை.

சிரிப்பு நின்றது.

"அப்போ ஏன் எடுத்த?"

"சொந்தக்காரங்களுக்குப் போட்டுட்டான்னு பேசுவாங்கன்னு..."

"யாரு பேசுவாங்க? நம்ம ரெண்டு பேரும் யாருன்னு இங்க யாருக்குத் தெரியும்? நீதான சொல்லாதன்ன. நான் சொல்லவே இல்லியே."

வெள்ளிக்கிழமையிலிருந்து சரளா எட்டிப் பார்க்காமல் மூடிவைத்திருந்த இடம் அது.

பூவம்மாள் குரலை உயர்த்தவில்லை. குழாயடியில் கேட்கும் குரல் எங்கே போனதோ. "நான் சொல்றேன் கேட்டுக்க. நான் சூப்பர்வைசரானா இந்த ரூமுக்கு வந்துகினு போயிகினு இருப்பேன். கூட குந்தி சோறு துன்னுவேன். ஒரு நாள் இல்ல ஒரு நாள், இந்தம்மா உனுக்கு யாருன்னு ஒருத்தர் கேப்பாங்க. கம்பி சுத்துறவ என் ஓர்ப்படின்னு சொல்ல உனுக்கு வெக்கம். அதான?"

அதுதான். சரளா தலையைக் குனிந்துகொண்டாள். தான் ஒரு கெட்டவள் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. நாமும் நினைக்க வேண்டாம். மேலே ஏறி வந்தவர்கள் ஏணியைத் திரும்பிப் பார்க்கக் கூசுவது உலகத்தில் புதிதா? ஆனாலும் வலித்தவளுக்கு அந்தச் சமாதானம் எதற்கு ஆகும்?

"எனுக்குப் பெரும வோணும்னு கேக்கல சரளா. கண்ணு போயிக்கினு கீது. கம்பி தெர்ல. வெரல்ல தடவித்தான் சுத்துறேன். எங்க வூட்டுக்காருகிட்டகூட சொல்லல. எத்தினி நாளிக்கி இப்பிடி ஓட்டுவேன்? இங்க இத்தினி நாளும் நான் உனுக்கு யாரும் இல்ல. எனுக்கு வர்றத எடுக்கறப்போதான் சொந்தக்காரி ஆய்ட்டேன்."

எழுந்தாள். கதவருகில் போய் நின்று, "வூட்ல இத்தப் பத்திப் பேச மாட்டேன். அண்ணன் தம்பிக்குள்ள எதுக்கு பேஜாரு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

சரளா அன்று சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு வேதசிரோமணியின் அறைக்குள் போனாள். யாருக்கும் வலிக்காத பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

"வரி விட்டுப்போகல சார். நானே எடுத்தேன். பூவம்மா என் ஓர்ப்படி. என் வீட்டுக்காரரோட அண்ணி. எங்க உறவு வெளிய தெரியக்கூடாதுன்னு எடுத்துட்டேன்."

வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இதுல மனுஷங்க கை கிடையாதுன்னு சொன்னேனேம்மா. அத்தனை பேரும் என் முகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாங்களே."

"மன்னிச்சிடுங்க சார்."

"உறவா இருக்கறது தப்பில்ல. என்கிட்ட வந்து, சார், இதுல எங்க வீட்டு ஆள் ஒருத்தர் இருக்காங்க, வேற யாராவது ஒருக்கா சரி பாக்கட்டும்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு." பிறகு ஆளனுப்பிப் பூவம்மாளை வரவழைத்தார்.

பூவம்மாள் வந்து நின்றாள். வேதசிரோமணி எழுந்து, அவளை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தானும் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு நடந்தது அநியாயம். நான் சரி பண்ணிடறேன். ஆறாவது பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டு இப்பவே ஃபேக்ஸ் அனுப்பறேன்."

"தையல்நாயகியவா சார் எடுப்பீங்க?"

"ஆறு பேருக்குத்தான் இடம்."

"அது காலையிலேந்து ஆளாளுக்குக் கல்கண்டு குடுத்துகினு கீது. அத்த எடுத்துட்டு என்னப் போட்டா எப்பிடி சார்? இவ அந்த ரூம்ல குந்திக்கினு எடுத்தா. நீங்க இந்த ரூம்ல குந்திக்கினு எடுக்குறீங்க."

வேதசிரோமணிக்கு முகம் சிவந்தது. அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தார்.

"அப்ப உங்களுக்கு வேணாமா?"

"வோணும் சார்." பூவம்மாள் பட்டென்று சொன்னாள். "வாணாம்னு நான் சொல்லவே இல்ல. எனுக்கு ரொம்ப வோணும். ஆனா வேற ஒருத்தர் குந்தி மறுக்கா கணக்குப் போடட்டும். எல்லார் பேரும் இருக்கட்டும், யாரையும் எடுக்காம. அதுல வந்தா தலை நிமிந்துகினு போறேன். வர்லன்னா கண்ணு இருக்குற மட்டும் கம்பி சுத்துறேன்."

"அக்கா, கண்டிப்பா வரும்" என்றாள் சரளா. கம்பெனிக்குள் மூன்றாம் மனிதர் எதிரில் அவள் 'அக்கா' என்று சொன்னது அதுதான் முதல் முறை. பூவம்மாள் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வேதசிரோமணி பெங்களூருக்குப் போன் போட்டு ஒரு நாள் தவணை வாங்கினார். கிண்டி ஹெட் ஆபீசிலிருந்து தேவானந்தம் என்பவரை மறுநாள் காலையில் அனுப்பச் சொன்னார். கணக்கில் புலி என்று பேர் எடுத்தவர், இந்தப் பக்கம் யாரையும் தெரியாதவர். கடைசியாகச் சரளாவிடம் கையை நீட்டி, "ரூம் சாவியைக் கொடுங்க. அவர் முடிக்கற வரைக்கும் நீங்க அந்தப் பக்கம் போக வேணாம்" என்றார். சரளா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். அவர் செய்தது சரி என்று அவளுக்கே தோன்றியது.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. வழக்கமாகச் சரளா வளாகத்தின் கேட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டு முனைக்குப் போய்விடுவாள். சிட்டிபாபு அங்கேதான் நிற்பான். இன்று கால் அந்தப் பக்கம் போகவில்லை. பூவம்மாளின் பின்னாலேயே மேடவாக்கம் பஸ் வரைக்கும் வந்துவிட்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் வந்தாள். பூவம்மாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பின் சீட்டிலிருந்து ரத்தினபாய் எட்டிப் பார்த்தாள். "இன்னா பூவம்மா, மேனேஜர் ரூமுக்குக் கூப்ட்டாங்களாமே. இந்த மேடம் வேற உன் பின்னாடியே வந்துகினு கீது. யாரு இவங்க, உனுக்குத் தெரிஞ்சவங்களா?"

"யாரும் இல்ல" என்றாள் பூவம்மாள். "ஆபீஸ் மேடம்."

இரண்டு வருஷமாகச் சரளா கேட்டு வாங்கிய பதில்தான் அது. காதால் கேட்டபோதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. இனி ஒரு நிமிஷம் கூட இதை மறைக்கக்கூடாது என்று நினைத்தாள். பஸ்ஸின் படியில் ஏறினாள்.

"இல்ல ரத்தினபாய். நான் பூவம்மா அக்காவோட ஓர்ப்படி. நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டு மருமகளுங்க. இத்தனை நாளா சொல்லாதது என் தப்பு."

சரளாவுக்குக் கண்ணில் நீர் வந்தது, ஆனால் மனசு லேசாகிவிட்டது. சொல்லிவிட்டோம், எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டோம் என்று பெருமூச்சு விட்டாள்.

முன் சீட்டில் தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். தலை நிறையப் பூ, மடியில் மிச்சக் கல்கண்டுப் பொட்டலம். அவள் சரளாவையும் பார்த்தாள், பூவம்மாளையும் பார்த்தாள்.

"நாளைக்கி மறுபடி கணக்குப் போடப் போறாங்கன்னு டைப்பிஸ்ட் பொண்ணு சொல்லிச்சு. எதுக்குன்னு எனுக்குப் புரியாமப் பூட்ச்சி" என்றாள் மெதுவாக. "இப்பத்தான் புரியுது."

யாரோ ஒருத்தி, "அதான பாத்தேன்" என்றாள். பின்னாலிருந்து இன்னொருத்தி எதையோ சொல்ல, ரத்தினபாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையில் பூவம்மாளுக்காக எழுந்து நின்று கேட்டவள்.

பூவம்மாள் சீட்டை விட்டு எழுந்து படிக்கு வந்தாள். சரளாவின் கையைப் பிடித்தாள். குரல் அவளுக்கு மட்டும் கேட்கும் அளவுக்குத்தான் இருந்தது.

"நான் ஏன் யாரும் இல்லன்னேன்னு நெனச்ச? உன்மேல கோவம்னா? உன் மனசுல கீற பாரத்த எறக்கி வெச்சிட்ட சரளா. நாளைக்கி என் பேரே மொதல்ல வந்தாலும், இந்த பஸ்ல இனிமே அத்த யாரு நம்புவாங்க?"